‘இல்ல’ வரும் இடத்தில் வெட்டு

கணவர் கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவர். மனைவி இன்ஜினியர், ரோடு போடுகிறவள். கோடு போட்டால் ரோடு போடுகிறவளிடம் வாலாட்டக் கூடாது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மூன்று வாரமாக அவள் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் மலைப்பாதை வேலை. அவள்தான் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசுக்குப் பதில் தர வேண்டும். அந்த ஆறு மாதமும் மகளையும் வீட்டையும் அவர் பார்த்துக்கொள்வாரா? நேரில் கேட்டால் “யோசிக்கலாம்” என்பார். அவர் நாலு தடவை வெளியூர் வேலைக்குப் போனபோது யார் யோசித்தார்கள்?

சரி என்று போனில் எழுத ஆரம்பித்தாள். வீட்டுச் சாமான், பள்ளிக்கூடம், மலைப்பாதை, எல்லாம் சேர்ந்து முழ நீளச் செய்தி. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி ஒரு வரி படிப்பதில்லை, புரோகிராம் படிக்கட்டும் என்று சபதம் போட்டார்.

புரோகிராம் எளிது. காற்புள்ளி, ‘அப்புறம்’, ‘இல்ல’ எங்கே வந்தாலும் வெட்டு. வெட்டின இடத்துச் சொல்லைத் தூக்கி எறி. மிஞ்சிய துண்டுகளை வரிசையாக, ஒவ்வொன்றாக எடு. ‘வாங்க’ என்று இருந்தால் கடைக்கு ஆர்டர். மற்றதுக்கெல்லாம் ‘சரிம்மா’ என்று பதில்.

‘இல்ல’யை ஏன் சேர்த்தார்? “நேத்தே சொன்னேன் இல்ல, மறந்துட்டீங்க இல்ல” என்று வரிக்கு வரி போடுகிறாளாம். அர்த்தமில்லாத சொல்லாம். பெண்டாட்டி சொல்லும் ‘இல்ல’வுக்கு அர்த்தம் கிடையாது என்று தீர்ப்பெழுத என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்.

வியாழன் மாலை வாசலில் மூன்று மூட்டை சோப்புத்தூள் வந்து இறங்கியது.

“யார் வாங்கச் சொன்னது?”

“நீதானே எழுதினே.”

“‘சோப்புத்தூள் வாங்க வேண்டியது இல்ல’ன்னு எழுதினேன். மூணு தடவை எழுதினேன்.”

“அதான் மூணு மூட்டை.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டிக்காரத்தனம் விடுமா? புரோகிராமை அக்குவேறு ஆணிவேறாக விளக்கினார்.

“அப்ப நான் எழுதின எதையும் நீங்க படிக்கல.”

“ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வந்துதே. அப்புறம் என்ன குறை?”

“துண்டு போட என் பேச்சென்ன பூசணிக்காயா?”

“கோவப்படாதே. லாஜிக்கைப் பாரு.”

அவள் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நின்றபடியே போனில் எதையோ தட்டினாள். மேஜைமேல் இருந்த அவர் போன் தானாகவே கூவிக் கூவி அவளுக்குப் பதில் அனுப்பியது. ‘சரிம்மா.’ ‘சரிம்மா.’ ‘சரிம்மா.’

“என்னடி எழுதினே?”

“‘ஆறு மாசம் மலைக்குப் போறேன் அப்புறம் பாப்பாவை நீங்க பாத்துக்கணும் அப்புறம் சமையலும் உங்களோடது.’ மூணுக்கும் சரின்னுட்டீங்க. வரேன்னு ஆபீசுக்கும் இப்பவே அனுப்பியாச்சு.”

“அது மெஷின் சொன்னது, செல்லாது. எனக்குச் சம்மதம் இல்ல.”

“உங்க லாஜிக்படியே ‘இல்ல’யை வெட்டுங்க. என்ன மிச்சம்?”

அவர் மனசுக்குள் வெட்டிப் பார்த்தார்.

அவள் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

“துணி துவைக்கிறதும் நீங்கதான். சோப்புத்தூள் வாங்க வேண்டியது இல்ல.”