முற்றத்தில் பிடித்த பிரேக், இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

என் மதிப்புக்கும், நேற்று வரை அன்புக்கும் உரிய மச்சான் யூஸ்தைனுக்கு,

ஹால்வர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா மாக்னில்டும் ஆடுகளும் நலம். உன் பட்டறையும் முழங்கால் வலியும் எப்படி என்று விசாரிப்பது முறை; விசாரித்துவிட்டேன். இனி விஷயம்.

போன செப்டம்பரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். லாரி நிறைய மரக்கட்டை, ஸ்தோர்பாக்கன் இறக்கம், பக்கத்து இருக்கையில் உன் அக்கா. ஏழாவது வளைவில் பிரேக் சூடேறிப் புகைந்து, மிதிக்க மிதிக்கப் பஞ்சாகி, கடைசியில் ஆர்னுல்ஃபின் உருளைக்கிழங்கு வயலில் போய் நின்றோம். அந்த மனுஷன் வாளியோடு வந்து, "பரவாயில்ல ஹால்வர், எனக்குத் தோண்டுற வேலை மிச்சம்" என்றான். உன் அக்கா சிரிக்கவில்லை. கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "பிரேக்க மிதிக்காமலே இந்த வண்டி இறக்கத்துல அடங்கி வரட்டும். அன்னைக்கு ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனாள்.

பதினெட்டு வருஷமாக வியாழன்தோறும் என்னோடு படகுத்துறைக்கு வந்து, ஆளுக்கு இரண்டு ஸ்வேலே அப்பம், நடுவில் பழுப்புச் சீஸ் வைத்துச் சாப்பிட்டவள். இந்த ஏழு மாசமா நாலையும் நானே திங்கறேன். வயிறு நிறையுது, வேற ஒண்ணும் நிறையல. அந்த சீட்டு காலியா ஆடிக்கிட்டே வர்றதப் பாத்து ஓட்ட என்னால முடியல மச்சான். இதை உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்காகத்தானே உன்னிடம் எக்ஸாஸ்ட் பிரேக் கேட்டேன்? அனுப்பினாய். புகைக்குழாய்க்குள் உட்காரும் தகடு, அதை மூடும் காற்று சிலிண்டர், இடது குதிகாலுக்கு நேரே தரையில் வைக்கும் பொத்தான், அதைச் சுற்றி இரும்பு வளையம். "பொத்தானை அமுக்கினா தகடு மூடிக்கும் அத்தான், இன்ஜின் மூச்சை அடக்கி வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். எவ்வளவு மூடணும்னு ஒரு திருகு இருக்கு, அத மட்டும் பாத்து வைங்க" என்று போனில் என்னமாய்ப் பேசினாய்!

முதல் சனிக்கிழமை. வண்டித் தரையில் கிடக்கும் விரிப்பு உனக்குத் தெரியும், என் அறுபதாம் பிறந்தநாளுக்கு உன் அக்கா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பழைய துணியில் நெய்தது. எண்ணெய்க் கையோடு அதைத் தொட்டால் வீட்டில் சாப்பாடு கிடையாது. அதனால் முதல் வேலையாக அதை வேலியில் போட்டேன். நீ சொன்ன இடத்தில் திருகை வைத்து, முற்றத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பொத்தானை மிதித்தேன். டப்பென்று தகடு மூடியது, இன்ஜின் முனகியது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு கையைக் கழுவி, விரிப்பை விரித்து, ஒழுங்கான எந்த டிரைவரையும் போல பூட்ஸைப் படியில் கழற்றி வைத்து, கம்பளிக் காலுறையோடு ஏறி இறக்கத்துக்குப் போனேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஒண்ணுமே இல்ல! ரெண்டாம் கியர்ல ஊர்ந்துதான் கீழ வந்து சேர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை திருகை அரைச் சுற்று இறுக்கினேன். விரிப்பு வேலியில். முற்றத்தில் சிங்கம். விரிப்பைப் போட்டுக்கொண்டு இறக்கத்துக்குப் போனால் ஆட்டுக்குட்டி. இன்று மூன்றாவது சனிக்கிழமை, கோபத்துல ரெண்டு சுத்து இறுக்கிட்டேன். மூடின தகடு மூடினதுதான், சிக்கிக்கிட்டுத் திறக்கவே மாட்டேங்குது. இன்ஜினும் அணைஞ்சுபோச்சு. முகமெல்லாம் கரி. ஜன்னல்ல இருந்து உன் அக்கா, "யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் வெளியில போயிருக்கார்"ங்கறா. உனக்கு போன் பண்ணினால் நீ, "முற்றத்துல பிடிச்சதுல்ல அத்தான்? அப்போ பிரேக் சரியாத்தான் இருக்கு. ஓட்டுறவர்தான் சரியில்ல" என்கிறாய். முப்பத்தாறு வருஷமா லாரி ஓட்டுறவனப் பாத்து!

ஆகவே முடிவாகத் தெரிவிப்பது: உன் தகடும் சிலிண்டரும் பொத்தானும் திரும்பி வரும். மே பதினேழாம் தேதி தேசிய நாள் கொடி ஊர்வலத்தில் நீ தெருவின் அந்தப் பக்கம் நட, நான் இந்தப் பக்கம் நடக்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் நல்லாசிகள். உன்னைப் பொறுத்தவரை, முழங்காலுக்கு மட்டும்.

இப்படிக்கு,
ஹால்வர்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "என் தம்பியத் திட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்று முற்றத்துக்கு வந்து, விரிப்பை எடுத்து வண்டியில் போடச் சொன்னாள். போட்டேன். படியில் நின்றபடியே கையால் பொத்தான் இருக்கும் இடத்தை அமுக்கிப் பார்த்தாள். விரிப்பு அந்த வளையத்தின் மேல் மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கிறது. அதற்குக் கீழே உன் பொத்தான் நிம்மதியாகத் தூங்குகிறது. "முற்றத்துல விரிப்பு வேலியில. இறக்கத்துல விரிப்பு வண்டியில. திருகு என்னங்க பண்ணும், பாவம்?" என்றாள்.

உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். "ஐயோ வேண்டாம், ரெண்டு குளிர்காலம் நெய்தது, நான் இத வீட்டுலயே வெச்சுடறேன்"னு கத்தினேன். "உங்களுக்குக் கால் குளிரும்" என்றாள். காபிக் கோப்பை அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்துவிட்டாள்.

பிறகு செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ம், கிளம்புங்க" என்கிறாள்.

போன் பண்ண எனக்கு முகமில்லை. உன் பட்டறை வழியாகப் போகும் பால் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியது எதையும் படிக்காதே. சுத்தியலை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா மச்சான். தகடு சிக்கினது சிக்கினபடி இருக்கு, வண்டி கிளம்பாது, அவ உட்கார்ந்திருக்கா.