தம்பிஐயா அவர்களின் அறுபதாவது பிறந்தநாள்

பண்டத்தரிப்பு,
12-11-1938

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் கனகலிங்கம் அவர்களுக்கு,

தாங்களும் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணைநிற்க. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

'இன்று பிறந்த இசைவாணர்' என்ற என் பத்தியை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். கீழே எழுதுவதை என் மன்னிப்பாக வெளியிடுங்கள். பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். வேலை இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்து ஐரோப்பிய இசைமேதைகளின் பிறந்தநாட்களையும், அமெரிக்க நடனப் பாட்டுக்காரரின் முதல் இசைத்தட்டு வந்த நாட்களையும் எட்டு மாதம் எழுதினேன். பிறகு ஒரு வாசகர் தபாலட்டையில், "எங்கடை ஆக்கள் ஒருத்தரும் பிறக்கேல்லையோ?" என்று கேட்டார். தாங்களும் அதையே கேட்டீர்கள். எங்கள் ஊர் நாடகப் பாடகர் தம்பிஐயா நினைவுக்கு வந்தார். சென்னைக்குப் போய் ஒரே ஒரு இசைத்தட்டுப் பாடியவர்.

வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. சுவரில் கலண்டர். நவம்பர் பன்னிரண்டைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில்: வாழையிலை முப்பது, பூ, பாயாசத்துக்குச் சவ்வரிசி. பிறந்தநாள் இல்லாமல் வேறென்ன? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயதையும் கேட்கவில்லை. வீதியில் கண்ட நரையை வைத்து அறுபது என்று போட்டேன். அவர் பத்திரிகை வாங்குவதில்லை. ஆகவே வாசகர்கள் அன்று காலை பத்து மணிக்கு மாலையோடு வந்து அவரைத் திகைக்கவைக்கலாம் என்றும் எழுதினேன்.

அவர் திகைத்தார்.

இன்று காலை நான் கிராமபோன் பெட்டியைச் சைக்கிளில் கட்டி, யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாங்கிய கேக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர, நல்லூரிலிருந்து ஒரு கார் நிறைய ஆட்கள் மாலையோடு நிற்கினம், வல்வெட்டித்துறையிலிருந்து நாடகம் போடுற இரண்டு பேர் பிறந்தநாள் பரிசெண்டு ஆளுயர அறக்குளா மீன் ஒண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கினம், உள்ளே மந்திரம் கேட்குது, நான் அதை அர்ச்சனை எண்டு நினைச்சு விறாந்தையிலை பெட்டியை வைச்சு முடுக்கி, அவர் பாடின அந்தத் தட்டையே போட்டன். அரசன் வேட்டைக்குப் போகிற பாட்டு. துள்ளலான மெட்டு. மந்திரம் நின்றது.

அவருடைய தங்கை இரத்தினம்மா வெளியே வந்தா.

"ஆருக்குத் தம்பி மாலை?"

"அண்ணைக்கு. இண்டைக்குப் பிறந்தநாளெல்லே."

"ஆர் சொன்னது?"

"கலண்டரிலை வட்டம் போட்டிருந்தது."

"அது அண்ணேன்ரை மனிசி, என்ரை மச்சாள், செத்த திதி. இண்டைக்குத் திவசம். படிச்ச பிள்ளையெண்டு சொல்லுறாங்கள். வட்டத்தைக் கண்ட நீர் வீட்டிலை ஆரையும் கேக்க வாயில்லையோ?"

அவவுக்குப் பின்னால் தம்பிஐயா. ஈர வேட்டி, விரலில் தர்ப்பை. "தம்பி, உந்தப் பாட்டை நிப்பாட்டும்," என்றார். அவ்வளவுதான்.

ஊசியைத் தூக்கினேன். மாலை கொண்டுவந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அதை எனக்குப் போட்டுவிட்டார். மீன்காரர் மீனை முதுகுக்குப் பின்னால் மறைத்தனர். அறக்குளா மறையுமா? வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்கமுடியாதது. கிணற்றடி மதிலில் காகத்துக்குச் சோறு வைத்தார்கள். காகம் தொடாமல் அந்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. ஊர்க் காகங்கள் எல்லாம் வேலிக்கு வெளியே மீனில். அவருடைய மகள் குணலட்சுமி "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தாயைக் கூப்பிடுவதுபோல. கழுத்தில் மாலையோடு நான் நின்றேன். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியையும் விட்டுவிட்டுக் கேக்கோடு வீடு வந்தேன். அவர்கள் இன்னும் பட்டினியாக இருக்கக்கூடும்.

இனி எவருடைய பிறப்பையும் எழுதமாட்டேன். தங்கள் இல்லத்தாருக்கு என் வணக்கம். 'அறுபது' என்பதை அத்தனை அழகாக அச்சுக்கோத்தவருக்கும் வணக்கம். நேரில் வர முகமில்லை.

தங்கள் நாணமுள்ள,
சண்முகநாதன்

பி.கு.: மன்னிப்பைப் போடவேண்டாம். உறை ஒட்டுமுன் தம்பிஐயாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இரண்டு மணிவரைக்கும் காகம் வரேல்லை," என்றார். "பிள்ளைதான், 'அம்மா இந்தத் தட்டைக் கேக்கேல்லையே அப்பு' எண்டு முடுக்கிவிட்டாள். அவ செத்து மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் தட்டு வந்தது. பாட்டுப் பாதியிலை காகம் வந்து சாப்பிட்டுது. மீன் முடிஞ்சதாலையும் வந்திருக்கும்." பிறகு, "ஒண்டு மட்டும் திருத்தும். எனக்கு ஐம்பத்திரண்டு. வல்வெட்டித்துறை ஆக்கள் வாற மாசியிலை போடுற நாடகத்துக்கு எனக்கு மாப்பிள்ளை வேசம் தந்தவை. உம்மடை அறுபதைக் கண்டிட்டு இப்ப யோசிக்கினம்." ஆகவே வயதை மட்டும் திருத்தவும். உண்மையில் எப்போது பிறந்தீர்கள் என்று இந்த முறை கேட்டேன். தெரியாதாம். வருகிற வருடத் திதிக்கும் பெட்டியைக் கொண்டு வரட்டாம், சைவமாக. போகும்போது, கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப நாளைக்குச் சாப்பிடுறன்," என்று எடுத்துக்கொண்டு போனார்.