தாய்வீட்டுத் தண்ணீர்

ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற ராஜபாளையத்தில், அப்படியொரு தறிக்கொட்டகைக்கு ஒரே வாரிசான கௌதம்ராஜ், தன் மனைவியின் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கக் கூடாது என்று முடிவெடுத்தான். முடிவெடுக்குமுன் யாரையெல்லாம் கலந்து பேச வேண்டுமோ அவர்களையெல்லாம் கலந்து பேசினான். அதாவது, தன் செல்போனை.

செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நீலக்கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிள்ளை பெற்றாள். பின்னணியில் புல்லாங்குழல். அவளும் கத்தவில்லை, பிள்ளையும் அழவில்லை, தலைமுடிகூடக் கலையவில்லை. இவ்வளவு சுத்தமான காரியத்தை மனிதர்கள் ஏன் நாலு சுவருக்குள் செய்கிறார்கள் என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

காளீஸ்வரிக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமான நாளிலிருந்து அவள் குக்கரை விட்டு மண்சட்டிக்கும், மெத்தையை விட்டுக் கோரைப்பாய்க்கும், பேஸ்டை விட்டு வேப்பங்குச்சிக்கும் மாறியிருந்தாள். எல்லாம் தன்னோடு போகிறது என்று வாய் திறக்கவில்லை. இது தன்னோடு போகிற காரியமில்லை.

"அய்யனார் கோவில் ஆத்துலயா?" என்றாள்.

"ஆமா காளி. மலையில இருந்து நேரா வார மூலிகைத் தண்ணி. பிள்ளை வயித்துக்குள்ள தண்ணியிலதான கெடக்கு? தண்ணியில இருந்து தண்ணிக்கு வருது. அதுக்கு வித்தியாசமே தெரியாது."

"போன ஞாயித்துக்கெழம டூர் வந்த கூட்டம் அதுலதான பிரியாணி அண்டா கழுவுச்சு?"

"அதுவும் இயற்கைதான்."

காளீஸ்வரி செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வயித்துக்குள்ள இருக்கது உன் தண்ணிம்மா. ஆத்துல இருக்கது ஊர்த்தண்ணி. பிள்ளை முதல் மூச்சு இழுக்கும்போது அந்தத் தண்ணி நுரையீரலுக்குள்ள போனா என்ன பண்ணுவ? கிருமியைத் தாங்க அதுக்கு ஏது சத்து? உனக்கு ரத்தம் போனா ஆத்துல எவ்வளவு போச்சுன்னு யாரு பார்ப்பா?"

இதை அப்படியே வந்து கௌதம்ராஜிடம் ஒப்பித்தாள். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க வியாபாரம் அது" என்றான், அவர்களுக்குக் கட்டுத்துணி விற்கிறவன்.

காளீஸ்வரி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அவளுக்குத் தன் அப்பா ஞாபகம் வந்தது. பட்டாவில் பெயர் மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தவர். மனு இன்னும் உயிரோடு இருக்கிறது, அப்பா இல்லை. நம் நாட்டில் ஒரு காரியத்தை நடக்கவிடாமல் செய்ய வேண்டுமென்றால் அதை எதிர்க்கத் தேவையில்லை, அனுமதி கேட்டால் போதும் என்று அவள் கண்டுகொண்டாள். பிள்ளைக்குத் துணையாக அரசாங்கத்தையே நிறுத்திவிட்ட நிம்மதியில் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

"வீடியோ போடணும்ங்கிறீங்க. பர்மிஷன் இல்லாமச் செஞ்சா எவனாச்சும் எழுதிப் போட்டுற மாட்டானா?" என்றாள் புருஷனிடம்.

"அதுவும் சரிதான்" என்றான் கௌதம்ராஜ். மனைவிக்கும் இயற்கை மேல் பற்று வந்துவிட்டதென்று அவனுக்குச் சந்தோஷம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புரோட்டாக் கடை மாடியில் 'திறந்தவெளி நீர்நிலை நிகழ்ச்சிகள் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு அலுவலகம்' என்று ஒன்று இருந்தது. பொதுமக்கள் ஆற்றிலும் கண்மாயிலும் எது செய்வதானாலும் அங்கே முன் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. பொதுமக்கள் குளித்தார்கள், மாடு கழுவினார்கள், பிள்ளையாரைக் கரைத்தார்கள், ஒருவர்கூட மாடி ஏறவில்லை. விண்ணப்பமே வராத அலுவலகத்தை இழுத்து மூடலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டு வந்திருந்தது. கண்காணிப்பாளர் ஐயாதுரை அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் திரிந்தார்.

அங்கேதான் கௌதம்ராஜ் மனுவோடு போனான். காளீஸ்வரிக்கு இந்தக் கடித விவரம் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு அலுவலகமாகப் பார்த்து அனுப்பியிருப்பாள்.

ஐயாதுரை எழுந்து நின்று இரண்டு கையாலும் மனுவை வாங்கினார். படித்தார். அவர் கண் கலங்கியது. "தலைப்பிரசவமா தம்பி?" என்றார். "எங்க ஆபீசுக்கும் இதுதான் முதல்."

மறுநாளே ஆணை வந்துவிட்டது. 'மேற்படி மனுதாரரின் மனைவி மேற்படி ஆற்றில் மேற்படி குழந்தையைப் பெற்றுக்கொள்வதில் இவ்வலுவலகத்திற்கு ஆட்சேபணை ஏதுமில்லை.' காளீஸ்வரிக்குத் தலை சுற்றியது. அப்பாவின் மனுவுக்கு வராத வேகம் இந்த அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஆலோசனைக் கூட்டம். பயனாளி என்ற முறையில் காளீஸ்வரிக்கும் ஒரு நாற்காலி போட்டு, கையில் போண்டாத் தட்டும் கொடுத்தார்கள்.

சுகாதாரப் பிரிவுக்காரர் முதலில் எழுந்தார். "தண்ணியைச் சோதிச்சாச்சு சார். குடிக்க லாயக்கில்லைன்னு ரிப்போர்ட்."

"பிள்ளை குடிக்கவா வருது? பிறக்கத்தான வருது" என்றார் ஐயாதுரை. 'பிறப்பதற்குத் தடையில்லை' என்று எழுதப்பட்டது.

"ஆழமான பகுதி, குளிக்கத் தடைன்னு அங்க போர்டு வச்சிருக்கே சார்?"

"குளிக்கத்தான தடை? பிரசவத்துக்குத் தடைன்னு போட்டிருக்கா? மேல போங்க."

காட்டுப் பிரிவுக்காரர், அந்தப் பக்கம் யானை தண்ணீர் குடிக்க இறங்கும் என்றார். அன்றைய தினம் மட்டும் இறங்காமலிருக்கத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. அவரும் பணிவோடு குறித்துக்கொண்டார்.

காளீஸ்வரி போண்டாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா யாருய்யா பொறுப்பு?"

ஐயாதுரை மகிழ்ந்து போனார். "அருமையான கேள்விம்மா. பிள்ளை பிறந்து, பதிவாகி, பொறவுதான் அது பொதுமக்கள்ல சேரும். அதுவரைக்கும் அது நிகழ்ச்சியில ஒரு அம்சம். நிகழ்ச்சிக்கு நாங்க பொறுப்பு. பிள்ளைக்கு…" என்று சுற்றிப் பார்த்தார். சுகாதாரம் காட்டைப் பார்த்தது, காடு ஜன்னலைப் பார்த்தது. "அது வேற துறை" என்றார்.

கடைசியாகத் தண்ணீர்ப் பிரிவுக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார். "ஒரு சின்ன விஷயம் சார். ஆத்துல தண்ணி இல்ல. பங்குனி மாசம்."

காளீஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. அன்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். தண்ணீர் இல்லாததும், அம்மா வந்து போடப்போகிற சண்டையும் சேர்ந்து இந்தக் கூத்தை முடித்துவிடும் என்று நம்பினாள்.

அம்மா ஆனந்தவல்லி சும்மா வரவில்லை, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். நேரே அலுவலக மாடி ஏறி ஐயாதுரை முன்னால் நின்றாள். "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும். அது எங்க செலவு, எங்க மானம். மாப்பிள்ளை ஊரு ஆத்துல எம்மவ பிள்ளை பெத்தா ஸ்ரீவில்லிபுத்தூர்ல நாங்க தலைகாட்ட முடியுமா? எங்க ஊருத் தண்ணி இல்லாம எம்மவ பெற மாட்டா!"

ஐயாதுரை தண்ணீர்ப் பிரிவின் கோப்பை எடுத்துப் புரட்டினார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆத்தா, நீங்க தெய்வம்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து அய்யனார் கோவில் ஆற்றில் விடுவது என்று முடிவாயிற்று. ஆறு ராஜபாளையத்து ஆறு, தண்ணீர் தாய்வீட்டுத் தண்ணீர். சம்பிரதாயமும் பிழைத்தது, இயற்கையும் பிழைத்தது. இயற்கையில் கிருமி இருக்கக் கூடாதென்று சுகாதாரப் பிரிவு லாரியிலேயே குளோரின் கலக்கும். சண்டைக்கு வந்த ஆனந்தவல்லி, விழா அழைப்பிதழின் முதல் பிரதியைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். 'தாய்வீட்டு நீர் உபயம்: திருமதி ஆனந்தவல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர்.'

"ஏட்டி காளி, அம்புட்டுப் பேரு முன்னால மைக்குல நம்ம வீட்டுப் பேரைச் சொல்லுவாகளாம்டி" என்றாள் மகளிடம்.

"எம்பிள்ளை பொழைக்குமாம்மா?"

"அதெல்லாம் பெரிய ஆபீசருங்க பார்த்துக்கிடுவாக."

வளைகாப்பு முடிந்து காளீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். மேலிடத்து விருந்தினர் வருகிற நாளே பிரசவ நாளாகக் குறிக்கப்பட்டது. பயனாளிக்கு வலி காலை பத்தரை மணிக்கு மேல், வரவேற்புரை முடிந்த பின் ஏற்படுமாறு பார்த்துக்கொள்ளவும் என்று கடிதம் வந்தது. கௌதம்ராஜ் அதைப் பிரேம் போட்டு மாட்டினான்.

பிள்ளைக்கு அழைப்பிதழ் படிக்கத் தெரியவில்லை. விழாவுக்கு முதல் நாள் மத்தியானமே வலி வந்துவிட்டது. ஆனந்தவல்லி பதறிப்போய்ப் போன் போட்டாள். ஆம்புலன்சுக்கு அல்ல, ஐயாதுரைக்கு. "ஒரு நாள் தள்ளிப்போட முடியுமான்னு பாருங்கத்தா, லாரி நாளைக்குத்தான் வருது" என்று அவர் கெஞ்சுவது ஸ்பீக்கரில் கேட்டது. காளீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து, போன ஆட்டோவைத் தானே நிறுத்தி ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. பிள்ளை நீலம் பாரித்து வந்தது, அழவில்லை. புல்லாங்குழல் எதுவும் கேட்கவில்லை. ஜெயபாய் என்கிற நர்ஸம்மா கொடியை எடுத்துவிட்டு, வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சி, முதுகைத் தேய்த்து, மூச்சு கொடுத்து, மறுபடி தேய்த்தாள். தன் உயிரைப் பிய்த்து அந்தச் சின்ன வாய்க்குள் ஊத முடியாதா என்று காளீஸ்வரி தவித்தாள். பிறகு பிள்ளை வீறிட்டு அழுதது. அதைவிடச் சத்தமாக அவள் அழுதாள்.

"நாளைக்கு ஆத்துல பெறப்போறதா இருந்தது நீதானா தாயி?" என்றாள் ஜெயபாய், பிள்ளையைத் துடைத்துக்கொண்டே. துடைத்த துணி கௌதம்ராஜ் தறியில் நெய்ததாகக்கூட இருக்கலாம். "இன்னும் செத்த நேரம் மூச்சு இல்லாம இருந்திருந்தா பிள்ளை இல்ல. கர்த்தருக்கு நன்றி சொல்லு."

ஓடி வந்த கௌதம்ராஜ் நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அவன் திருந்திவிட்டான் என்று காளீஸ்வரி நம்பினாள். மேலிடத்து விருந்தினர் வேறு அலுவல் காரணமாக வருகையை மூன்று வாரம் ஒத்திவைத்தார். அந்த மூன்று வாரத்தில் அவனுக்கு அழுகை காய்ந்துவிட்டது.

"ஒரே ஒரு போட்டோ காளி. பிள்ளையைத் தண்ணியில விட வேண்டாம். நீ கணுக்கால் அளவுல நின்னாப் போதும். ஐயாதுரை சார் வேலையே போயிருமாம்."

"உபயம்னு பேரு வேற அடிச்சாச்சு" என்றாள் ஆனந்தவல்லி.

பிள்ளை உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் காளீஸ்வரிக்கு யாரோடும் சண்டை போடத் தோன்றவில்லை. ஒரு போட்டோவால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று சரி சொன்னாள். லாரிகள் வந்து தண்ணீர் இயற்கையாக ஓடியது. அவள் பிள்ளையைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். விருந்தினர் மைக்கைப் பிடித்து, "தாயும் நலம், சேயும் நலம், திட்டம் வெற்றி!" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. தாய் நலம், சேய் நலம், ஆறும் பக்கத்திலேயே இருந்தது.

ஒரே வாரத்தில் படம் சுவர் சுவராக ஏறியது. போனில் பார்த்தவர்களெல்லாம் பூவும் இதயமும் போட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். ஆற்றில் பிள்ளை பெற அனுமதி கேட்டு அலுவலக மாடிப்படியில் வரிசை நிற்கிறது என்று கேள்விப்பட்ட அன்று காளீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, திட்டத்தை நிறுத்தச் சொல்லி மனு எழுதி எடுத்துப் போனாள்.

ஐயாதுரை இப்போது பதவி உயர்ந்து குளிர்சாதன அறைக்குள் இருந்தார். மனுவை ஒரு கையால் வாங்கினார்.

"நான் பெத்தது ஆஸ்பத்திரியிலய்யா. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. ஆனா அனுமதி கொடுக்கத்தான் எனக்கு அதிகாரம். நிறுத்துறதுன்னா எல்லாப் பிரிவுலயும் ஆட்சேபணை இல்லைன்னு வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பி, அவங்க ஒரு குழு போட்டு…"

"எம்புட்டு நாளாகும்?"

"அவசரப்பட்டா எப்படிம்மா?" என்றார் ஐயாதுரை வருத்தத்தோடு. "பிள்ளைங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நிதானமாத்தான் பார்க்கணும்."

படியில் இறங்கும்போது, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். காளீஸ்வரியைப் பார்த்ததும் அவள் முகம் பூத்துவிட்டது. "அக்கா, நீங்கதான அது! ஊரு தேவதானம், பேரு பொன்மணி. தேதி வாங்க வந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மொதல்ல ஒரே பயம்க்கா. பர்மிஷன் கேட்டுட்டுச் செய்யலாம்னு எங்க வீட்டுக்காரர்ட்ட நாந்தான் சொன்னேன். கவருமெண்டு எங்க குடுக்கப்போகுதுன்னு நெனச்சேன். உடனே குடுத்துட்டாவ. பொறவு ஒங்க போட்டோவைப் பார்த்தேன். பயமெல்லாம் போயிருச்சு."

"பொன்மணி, போவாத. அது பொய். நான் ஆத்துல பெறல, ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன். அங்க இல்லன்னா இந்தப் பிள்ளை இல்ல."

பொன்மணி அவள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாள்.

"அப்ப அங்க சிரிச்சுக்கிட்டு நிக்கது யாருக்கா?"

காளீஸ்வரியும் நிமிர்ந்து பார்த்தாள். அவள்தான்.