மாமனார் வேட்டியும் டிரையர் பஞ்சும்

புது மெஷின் வாங்கிய ஆண்பிள்ளை அதோடு வரும் புத்தகத்தைப் படித்ததாகச் சரித்திரமே இல்லை. பொத்தானைப் பார்த்தாலே நமக்கு எல்லாம் புரிந்துவிடும். (புரியவில்லை என்பதை மனைவியிடம் மறைப்பதுதான் கஷ்டம்.)

மழைக்காலம் வந்தால் எங்கள் அபிராமபுரம் ஃபிளாட்டில் துணி காயாது, பூசணம்தான் பூக்கும். அதனால் துணி உலர்த்தும் டிரையர் ஒன்று வாங்கி, இடம் அடைக்காமல் சுவரோடு ஒட்டி வைத்தேன். ஆரம்பத்தில் துணியெல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்து வந்தது. போகப் போக, எவ்வளவு ஓடினாலும் ஈரம் போகவில்லை. மெஷினுக்குச் சோம்பல் என்று முடிவு கட்டி, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.

நங்கநல்லூரில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால் மாமனார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். அன்று சாயங்காலம் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அவர் கொண்டுவந்த வேட்டிகள் மொத்தமும் மழையில் நனைந்துவிட்டன. கவலையே வேண்டாம் என்று அவற்றை டிரையரில் திணித்து, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓடவிட்டேன். பிறகு அவரை உட்காரவைத்து மெஷினின் மகிமையைப் பிரசங்கம் செய்தேன். பாதியில் அவர் மூக்கைச் சுளித்தார்.

"மாப்பிள்ளை, ஆத்துல ஏதாவது ஹோமம் பண்றேளா?"

திரும்பினால், டிரையருக்குப் பின்னாலிருந்து புகை. பாய்ந்துபோய்க் கதவைத் திறக்கக் கை நீட்டினேன். என் மனைவி வசுதா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்காதே. காத்து பட்டா குப்புனு பிடிச்சுக்கும்."

மெயினை அணைத்ததும் அவள்தான். அப்பாவை மாடிப்படிக்கு அனுப்பியதும் அவள்தான். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடப் போனை எடுத்து, அவசரத்தில் கால்குலேட்டரைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் புகை மெலிந்து நின்றுவிட்டது.

நன்றாகச் சூடு ஆறியபின் திறந்தோம். கதவோரம் வடிகட்டி என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் பார்த்தேன். துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அதில் சாம்பல் நிறப் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. பின்பக்கம் நான் சுவரோடு நசுக்கி வைத்திருந்த காற்றுக்குழாயிலும் அதே பஞ்சு, ஓரமெல்லாம் கருகி. ஒவ்வொரு தடவையும் இதை எடுக்க வேண்டுமே, எடுத்தாயா என்று வசுதா கேட்டாள். நான் பூனைக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். அந்த நிம்மதியில் மூவருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. வேட்டிகள்தான் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தன. வாழ்நாளெல்லாம் வேட்டியில் வளையவந்த மனிதர் அன்று என் ஜீன்ஸை மாட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தார். மணமக்களைவிட அவரோடு செல்ஃபி எடுக்கத்தான் கூட்டம்.

இப்போது டிரையர் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் பஞ்சை வழித்தெடுக்கிறேன், அவ்வப்போது குழாயையும் சுத்தம் செய்கிறேன். ஆனாலும் வானம் இருட்டினால் நங்கநல்லூரிலிருந்து போன் வந்துவிடும். மகள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே, "பஞ்சு எடுத்தாச்சா, மாப்பிள்ளை?"

ஜீன்ஸ் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. வாக்கிங் போக ரொம்ப சௌகரியமாக இருக்கிறதாம்.