முன்பக்க வெயில்

அன்பும் மரியாதையும் கொண்ட அத்தைக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உங்கள் முழங்காலாவது நலமாக இருக்கட்டும்.

புதிதாகக் குடிவந்த இந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம், ஒரே கேட், ஒரே சிரிப்பு. துணி காயப்போடுவதும் அப்படித்தான்: சட்டைகள் முன்மாடியில், பெண்களின் உள்ளாடைகள் பின்பக்க இருட்டில், அதுவும் ஒரு துண்டுக்கு அடியில், தலைமறைவுக் குற்றவாளிகள் மாதிரி. பின்பக்கம் வெயிலே கிடையாது, ஈரத்தை உடுத்திக்கொண்டு ஆபீஸில் நெளிய முடியாது என்று என்னுடையதை முன்பக்கக் கொடியில் போட்டேன். அவ்வளவுதான் அத்தை. மறுநாளிலிருந்து தெருவில் ஆண்களெல்லாம் சாவியைத் தொலைத்தவர்கள் போலத் தரையைப் பார்த்தே நடக்கிறார்கள், கீழ்வீட்டுக்காரர் அப்படி நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார், அந்தப் பழியும் என் தலையில், பிறகு பக்கத்து வீட்டிலிருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மாடியில இருக்கிற சில சாமானை உள்ள எடுத்துடும்மா" என்றார், எந்தச் சாமான் சார் என்று கேட்டேன், மனுஷன் வியர்த்து விறுவிறுத்து, "பூந்தொட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிட்டார். சாயங்காலமே சங்கத்தின் அறிவிப்பு: முன்மாடியில் பூந்தொட்டி வைக்கக் கூடாது. இப்ப தெருவுல ஒரு பூ இல்ல, எங்கிட்ட தொட்டியே இருந்ததில்ல, என் கொடி மட்டும் ஜம்முனு ஆடிட்டிருக்கு, தொட்டி போன வயித்தெரிச்சல்ல எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறாங்க.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கொடியைக் கழற்றாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி செய்ய வைப்பார்களாம். செயலாளரின் மனைவி மட்டும் பக்கத்து மாடியிலிருந்து ரகசியமாகக் கேட்டார்.

"அங்க சீக்கிரம் காயுதாம்மா?"

"மதியத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிடும்க்கா."

பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் கழற்றப்போவதில்லை. துணி என்னுடையது, வெட்கம் அவர்களுடையது. கூட்டத்தில் இதையேதான் சொல்லப்போகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியோடு கொஞ்சம் துணி கிளிப்பும் அனுப்புங்கள், இங்கே காற்று அதிகம்.

அசையாத உங்கள்
அண்ணன் மகள்

பி.கு.: கவரை ஒட்டும்போது போன். உங்கள் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாராம். எப்படி ஓடினேனோ தெரியாது, குளிக்கிற துண்டை எடுத்துக் கொடி முழுக்கப் போர்த்திவிட்டேன். நிமிர்ந்தால் பக்கத்து மாடியில் செயலாளரின் மனைவி. தன்னுடையதையெல்லாம் முதல்முறையாக முன்பக்கம் காயப்போட்டுவிட்டு, கையில் கடைசி கிளிப்போடு என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பளீரென்று அடித்தது.

"என்னம்மா, மழை வருதா?" என்று கேட்டார்.