இரண்டு வளைவுப் பாலமும் மாமாவின் கோட்டும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

எடை அளவை ஆய்வாளராகிய தங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. தாங்கள் யாவரும் நலமென்றே கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய படைவீரர் கூட்டத்துக்குப் போக மாட்டேன் என்று அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்ட தங்கள் தந்தையாரைத் தாங்கள் தொலைபேசியில் அழைத்துச் சமாதானப்படுத்த வேண்டும் என்பதும், தவறு என்னுடையதல்ல என்பதைப் பதிவு செய்வதும் இக்கடிதத்தின் நோக்கம்.

மாமாவின் கோட்டில் குத்தியிருக்கும் சின்னம் எந்தப் படைப்பிரிவுடையது, எந்தக் காலத்தது என்று கண்டறியச் சொன்னவர் தாங்கள்தான். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பழக்கமில்லை. அளந்தேன், பதினெட்டு மில்லிமீட்டர், அலுவலகத் தராசில் நிறுத்தேன், பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மாமா இருந்தது பாலம் கட்டும் நான்காம் பிரிவு, அதன் சின்னத்தில் பாலத்துக்கு மூன்று வளைவுகள் இருக்க வேண்டும், இதிலோ இரண்டு. இது ஆறாம் பிரிவுடையது, பின்னால் திருகாணிக்குப் பதில் ஊசி இருப்பதால் முதல் வார்ப்பு, கிடைப்பதே அபூர்வம் என்று பழைய சின்னங்கள் விற்கும் கடைக்காரர் புத்தகத்தைப் பிரித்தே காட்டிவிட்டார். பிறர் சின்னத்தை அணிவது விதிமீறல் அல்லவா? அதை அவரிடமே கொடுத்து, மூன்று வளைவுள்ளதாக மாற்றி வாங்கி வந்து கோட்டில் குத்திவைத்தேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால், மனிதர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுல இருந்தது எங்க மாப்ளே?” என்றார். “அது தப்பான பின்னு மாமா, உங்க பிரிவுக்கு மூணு வளைவு” என்றேன். “பாலத்தைக் கட்டினவனுக்கே வளைவை எண்ணிக் காட்டுறீங்களா?” என்று உள்ளே போனவர்தான். வைத்த தட்டு வைத்தபடி வாசலில் இருக்கிறது. “என்ன காரணம்னாவது சொல்லுங்க மாமா” என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன். “மாத்துறதுக்கு முன்னால கேட்டிருக்கணும்” என்று பதில் வருகிறது. தங்கள் தங்கையோ, “கடைக்காரங்களைப் படுத்துறது போதாதுன்னு எங்கப்பா கோட்டையும் சோதனை போட்டாச்சா?” என்கிறாள். விதிப்படி நடந்ததற்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதை.

அண்ணியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தொலைபேசி வந்தது. “நான் ஆறாம் பிரிவு. ஞாயித்துக்கிழமை உங்க மாமாவை என் பின்னை மறக்காமக் குத்திக்கிட்டு வரச் சொல்லுங்க தம்பி, அவன் பின்னு என் கோட்டுல பத்திரமா இருக்கு” என்றார் ஒரு பெரியவர். வெள்ளத்தில் அந்தக் கரையிலிருந்து அவர்களும் இந்தக் கரையிலிருந்து மாமா ஆட்களும் பாலம் போட்டு, நடு ஆற்றில் கைகுலுக்கிய அன்று இருவரும் சின்னங்களை மாற்றிக்கொண்டார்களாம். மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்கிறேன். தாங்கள் யாரையும் அழைக்க வேண்டாம். நாளை, பணியில் சேர்ந்த இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக முன் அனுமதியின்றி விடுப்பெடுத்து, கடை திறக்கும் முன்பே அதன் வாசலில் நிற்கப் போகிறேன். அந்தச் சின்னம் கைக்கு வரும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.