தொப்பிக்கடை அஷூருக்குத் தொண்டை கிழிஞ்ச கதை

சத்தியம் பண்ணிட்டே ஆரம்பிக்கிறேன். இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா இனி நான் குடிக்கிற டீயெல்லாம் ஆறிப் போகட்டும், வாங்குற ரொட்டியெல்லாம் கருகிப் போகட்டும். போதுமா? சரி, கேளுங்க.

நம்ம புகாராவுல வளைவு பஜாருக்குள்ள தொப்பிக்கடை வச்சிருக்கான் அஷூர். தொப்பி விக்கிறது அவனுக்குச் சைடு வேலை. மெயின் வேலை, அடுத்தவன் பாட்டுல குத்தம் சொல்றது. குளத்தங்கரை டீக்கடையில ரேடியோ பாடினாப் போதும். "இவன் தாளத்துல நொண்டுறான். அவன் மூக்கால பாடுறான். இந்த ஆளுக்கு யாருய்யா பாட்டு சொல்லிக் குடுத்தது, இவங்க வீட்டுக் கழுதையா?" அப்பிடியே போவான். டீக்கடைக்காரன் ரேடியோவை அணைச்சுருவான்.

அன்னிக்கு அங்க நம்ம ஊர் வாத்தியக்கார குரு, உஸ்தா வாஹித் உக்காந்திருந்தார். அறுபது வருஷமா தந்தி மீட்டுற விரல் அவரோடது. ஊர்ல எவன் பாடகன், எவன் சும்மா கத்துறவன்னு முடிவு பண்றது அவர்தான். அவர் முன்னாடியே நம்மாளு அளந்தான். பழைய பாட்டுகள்ல கடைசியில ஒரு உச்சி வருமே, மலையேறுற மாதிரி, அதைத் தான் மூச்சு விடாம பாடுவேன்னான்.

உஸ்தா டீக்கோப்பையைக் கீழ வச்சார்.

"நல்லதாப் போச்சு தம்பி. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம கூட்டாளிங்க வட்டம் உன் வீட்டுலதான கூடுது. புலாவ் சாப்பிட்டதும் பாடு. உச்சி ஏறிட்டேன்னா என் பேரன் கல்யாணத்துல நீதான் பாடகன். ஏறலேன்னா, இனி எவன் பாட்டைப் பத்தியும் இந்த டீக்கடையில நீ வாய் திறக்கக் கூடாது."

அஷூருக்குச் சோறு இல்லாம இருக்க முடியும். குத்தம் சொல்லாம இருக்க முடியாது. நேரா வீட்டுக்கு ஓடி, கதவைச் சாத்திக்கிட்டு, உச்சியை ஒரு தடவை பாடிப் பாத்தான். கொடிமுந்திரிப் பந்தல்ல இருந்த புறா மொத்தமும் பறந்து போச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் உக்காந்திருந்துச்சு. அது செவுடு.

பொண்டாட்டி ஜெவர் கேரட் நறுக்கிக்கிட்டே கேட்டா. "ஏங்க, யாராவது கால மிதிச்சுட்டாங்களா?"

இந்த ஜெவரைப் பத்திச் சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி பொம்பளைங்க விசேஷத்துல தாயிரா மேளம் தட்டிப் பாடினவ. ஆம்பளைங்க ஏணி போட்டு ஏறுற உச்சி இருக்கே, அங்க அவ குரல் மெத்தை விரிச்சு உக்காந்திருக்கும். மேளக்காரப் பொம்பளைங்களுக்குத் தலைவி சனோபர் அக்கா. அந்தம்மா மூணு தடவை வீடு தேடி வந்து, ஜெவரை எங்ககூட அனுப்புங்கன்னு கேட்டாச்சு. மூணு தடவையும் அஷூர் முடியாதுன்னுட்டான். சந்தையில பேசுவாங்களாம். ஊர்ல பாதிப் பேரைப் பத்திச் சந்தையில பேசுறவனே அவன்தான். ஜெவர் சண்டை போடல. மேளத்தைத் துணி சுத்தி அலமாரி மேல வச்சுட்டா. ஆனா மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து நெருப்புல காட்டித் தோலை இறுக்கி வச்சுக்குவா.

வியாழக்கிழமை அஷூருக்கு யோசனை உதிச்சுது. நம்ம பாடகனுங்க பாடும்போது வாய்க்கு முன்னாடி ஒரு சின்னத் தட்டைப் பிடிச்சுக்குவாங்கள்ல? கோணுற மூஞ்சி மறையும், குரலும் நல்லாக் கேக்கும். தட்டுக்குப் பின்னாடி வாய் திறந்திருக்கா, மூடியிருக்கான்னு எவனுக்குத் தெரியும்? அவன் முதுகுக்குப் பின்னாடி உள்கட்டுத் திரைச்சீலை. திரைக்குப் பின்னாடி ஜெவர்.

குழைஞ்சுக்கிட்டே போய்ச் சொன்னான். ஜெவர் முழுசாக் கேட்டா. சரின்னுட்டா.

"உனக்கு என்ன வேணும்? பட்டு எடுக்கட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. உங்க மானம் என் மானம் இல்லையா?"

கொஞ்சம் புத்தி இருக்கிற புருஷன் அந்த இடத்துலயே பயந்திருப்பான். இவன் விசிலடிச்சுக்கிட்டே தட்டு தேடப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு பேர் வந்தாங்க. புலாவ் காலியாச்சு. உஸ்தா தந்தியைத் தட்டினார். முதல் பாதியை அஷூரே தத்தித் தத்திப் பாடிட்டான். உச்சி வந்துச்சு. தட்டைத் தூக்கினான். திரைக்குள்ள இருந்து வந்துச்சு பாருங்க ஒரு குரல்! கசாப்புக்கடைக்காரர் தோள்துண்டால கண்ணைத் தொடைச்சார். அஷூருக்கே கண்ணு கலங்கிடுச்சு, தானே பாடுறதா நினைச்சுக்கிட்டான்.

உஸ்தா மட்டும் கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை வந்துரு."

ஞாயித்துக்கிழமைன்னா உஸ்தா பேரன் கல்யாணம், காலையில ஆம்பளைங்களுக்குப் புலாவ் விருந்து. முற்றத்துல நானூறு ஆம்பளைங்க. திரை கிடையாது, சுவர் கிடையாது, அப்பிடி ஒரு வெட்டவெளி. வந்தவங்க போனதும் அஷூர் அப்பிடியே சரிஞ்சு உக்காந்தான். ஆம்பளைங்க பந்திக்கு ஜெவரை எந்தப் பைக்குள்ள போட்டுக் கொண்டு போறது?

ஜெவர் மெல்லமாச் சொன்னா. "இவ்வளவு பெரிய உச்சியைப் பாடினா தொண்டை கிழியாதாங்க? கிழிஞ்சுதுன்னு சொல்லிருங்க. நாப்பது நாள் ஒரு சொல்லு பேசக் கூடாதுன்னு வைத்தியர் சொன்னதா நான் ஊர்பூரா சொல்லிர்றேன். பாடவும் வேண்டாம், பேரும் நிக்கும்."

அஷூர் துள்ளிக் குதிச்சான். ரெண்டு நிமிஷத்துல அது தன்னோட யோசனைன்னே நம்பிட்டான். ஜெவர் சூடு பண்ணின ஆட்டுவால் கொழுப்பைத் தடவி, கம்பளித் துணியைக் கழுத்துல ஏழு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டா.

ஞாயித்துக்கிழமை அவனுக்கு அப்பிடி ஒரு மரியாதை. மேல் பந்தியில உக்கார வச்சாங்க. "கலைக்காகத் தொண்டையைக் குடுத்த மனுஷன்"னு நல்ல கறித்துண்டெல்லாம் அவன் பக்கம் தள்ளினாங்க. பாட வந்த வேற ஒருத்தன் தாளத்துல ரெண்டு இடத்துல சறுக்கினான். அஷூருக்கு நாக்கு அரிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டான்.

அப்பதான் பொம்பளைங்க இருக்கிற உள்முற்றத்து வாசல்ல சனோபர் அக்கா வந்து நின்னுச்சு. அந்தம்மா எங்க வேணா வந்து நிக்கும், யாரும் தடுக்க மாட்டாங்க.

"உஸ்தா, கூட மேளம் தட்டுற பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டா. ஜெவரைத் தவிர வேற ஆள் இல்ல. இன்னிக்கும் வேணும், இனிமேலும் வேணும். இவரு மூணு தடவை மாட்டேன்னுட்டாரு. நானூறு பேரு முன்னாடி நாலாந்தடவை கேக்குறேன். மறுப்பு இருந்தா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் போயிர்றேன்."

ஊரே அஷூரைப் பாத்துச்சு. வாயைத் திறந்தா தொண்டை நல்லா இருக்குன்னு ஆயிரும். நல்லா இருந்தா எந்திரிச்சுப் பாடணும். பாடினா புறா பறக்கும். தலையை ஆட்டலாம்னா கம்பளி ஏழு சுத்து, கழுத்து அசையல. வேற வழி தெரியாம, வேண்டாம் வேண்டாம்னு தடுக்கிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கினான்.

பந்தி நடுவுல ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கினா நம்ம ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான?

உஸ்தா உடனே தன் கையை ஏந்தினார். பக்கத்துல இருந்தவர் ஏந்தினார். அப்பிடியே வரிசையா நானூறு பேரும், சமையல்காரன் கரண்டியைக் கீழ வச்சுட்டு, கையை ஏந்திட்டாங்க. உஸ்தா உரக்கச் சொன்னார். "அஷூர் தம்பி மனசார துவா செஞ்சு ஆசி குடுத்துட்டாரு. ஜெவர் கைமேளத்துக்குப் பரக்கத் பெருகட்டும். ஆமீன்."

"ஆமீன்"னு எண்ணூறு கையும் மூஞ்சியத் தடவிக்கிச்சு. அப்புறம் அதை யாரால திரும்ப வாங்க முடியும்? ஊர் பாக்குதேன்னு அஷூரும் தடவிக்கிட்டான்.

சனோபர் அக்கா திரும்பி நாலு எட்டு வைக்கல, உள்ள சலங்கை குலுங்கிச்சு. ஜெவர் வரும்போதே கைச்சலங்கையும் மேளமும் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா. பாட்டு கிளம்பிச்சு. உச்சிக்குப் போச்சு, சும்மா மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போற மாதிரி.

உஸ்தா கண்ணை மூடிக் கடைசி வரைக்கும் கேட்டார். அப்புறம் அஷூர் பக்கம் சாஞ்சு, அவன் காதுல மட்டும் விழற மாதிரிச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையை விட இன்னிக்கு உன் தொண்டை நல்லாவே இருக்கு தம்பி. கறியைத் தின்னு. இன்னும் முப்பத்தெட்டு நாள் பாக்கி இருக்கு."

அவ்வளவுதான் கதை. கையத் தட்டிட்டு நழுவப் பாக்காதீங்க, தட்டினா என் வயிறு ரொம்பாது. ஒரு தட்டுப் புலாவ் வைங்க, மேல கொழுப்புத் துண்டு ரெண்டு. மூணாவது துண்டு வச்சாலும் வேண்டாம்னு கையத் தூக்க நான் என்ன கிறுக்கனா?